வாடகை குறைந்த அறையா, ஆஸ்பத்திரிக்குக் கிட்டவான அறையா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலியும் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பார்த்துவிட்டு, மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அம்மா, தங்கச்சி, தம்பி என்று மூன்று பேர் போகிறார்கள். நான்கு இரவு கொழும்பில் தங்க வேண்டும், அதில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தம்பிக்கு ஓரளவு சிங்களம் வரும். வத்தளையில் ஓர் அறை நாளுக்கு 4,500 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்குப் பக்கத்தில் 8,000 கேட்கிறார்களாம். "நான்கு நாளில் 14,000 ரூபாய் மிச்சம் அண்ணா, அந்தக் காசு மருந்துக்கு உதவும். ஆனால் வத்தளை தூரம் என்கிறார்கள். எதை எடுப்பது?" என்பது கேள்வி.

தங்கச்சி, இரண்டையும் உடனே எடுத்துவிடாதீர்கள். முதலில் மகரகமவிலோ நுகேகொடையிலோ ஓர் அறை தேடிப் பாருங்கள். அங்கே மனதுக்குப் பிடித்த மாதிரி அமையாவிட்டால் வெள்ளவத்தை. வத்தளை உங்கள் பயணத்துக்குச் சரிவராது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது உங்கள் ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. நான் 11 வருடம் வெள்ளவத்தையில் ஒரு சின்ன விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தேன். இப்போது ஊரோடு வந்து அரசடியில் இருக்கிறேன். கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை, திருக்கோவில் என்று நம்முடைய பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கின்றன. அவர்களில் பலர் அறை வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுத்து வந்தவர்கள். இரண்டாம் நாளே முகத்தில் களைப்புத் தெரியும்.

முதலில் உங்கள் கணக்கையே எடுப்போம். வத்தளையில் நான்கு இரவுக்கு 18,000. வெள்ளவத்தையில் 32,000. வித்தியாசம் 14,000, அது சரி. இனி ஆட்டோவைச் சேர்ப்போம். அம்மாவின் முழங்காலை நினைத்தால் பஸ் மாறி மாறி ஏறுவது நடக்காது, ஆட்டோதான். கிலோமீற்றருக்கு 100 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போகும் நாளில் என்ன விலையோ அதைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். வத்தளையிலிருந்து மகரகமவுக்கு 20 கிலோமீற்றருக்கு மேல். 22 என்று வைத்தால் ஒரு தடவைக்கு 2,200, போய்வர 4,400, மூன்று நாளைக்கு 13,200. வெள்ளவத்தையிலிருந்து 10 கிலோமீற்றருக்குக் கிட்ட. போய்வர 2,000, மூன்று நாளைக்கு 6,000. ஆகவே வத்தளைக்கு எல்லாம் சேர்த்து 31,200, வெள்ளவத்தைக்கு 38,000. நீங்கள் நினைத்த 14,000 மிச்சம் 6,800 ஆகச் சுருங்கிவிட்டது.

இப்போது மகரகமவில் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் 6,000 ரூபாய்க்கு ஓர் அறை கிடைக்கிறது என்று வையுங்கள். நான்கு இரவுக்கு 24,000. ஆட்டோ ஒரு தடவைக்கு 300 என்றால் மூன்று நாளைக்கு 1,800. மொத்தம் 25,800. வாடகையில் வத்தளையை விடக் கூடின அறை, முழுச் செலவில் மூன்றிலும் குறைந்ததாக வந்து நிற்கிறது. அதனால்தான் அறை தேடும்போது வாடகையையும் போக்குவரத்தையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுவேன். தனித்தனியாகப் பார்த்தால் வாடகைதான் கண்ணில் நிற்கும். ஆட்டோக் காசு சில்லறையாகப் போவதால் ஊருக்குத் திரும்பின பிறகுதான் தெரியும்.

ஆனால் காசை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கிளினிக் நாள் எப்படிப் போகும் என்று யோசியுங்கள். விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டியிருக்கும். இரத்தம் எடுப்பார்கள். அப்புறம் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கச் சொல்லுவார்கள். ஸ்கேனுக்கு நேரம் மத்தியானத்துக்குப் பிறகு கொடுக்கலாம். இடையில் மூன்று நான்கு மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டிவரும். அறை பக்கத்தில் இருந்தால் அம்மாவைக் கூட்டிவந்து படுக்க வைக்கலாம், கஞ்சி கொடுக்கலாம், அவர் ஒரு தூக்கம் போட்டு எழும்பித் திரும்பப் போகலாம். தம்பி வரிசையில் இருந்தால் போதும். அறை 20 கிலோமீற்றருக்கு அப்பால் என்றால் காலை 5 மணிக்குப் பூட்டின கதவை இரவுதான் திறப்பீர்கள். நாள் முழுக்க அந்த மனிசி மரவாங்கில் இருக்க வேண்டும். அறை எடுத்தும், பகலில் அந்தக் கட்டில் அவருக்கு உதவாது.

எந்தப் பயணத்துக்கும் இந்த ஒரு கேள்வியை நான் முதலில் கேட்பேன்: ஒரு நாளில் எத்தனை தடவை அறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்? ஒரு தடவைதான், இரவு படுக்க மட்டும்தான் என்றால் தூரத்தைப் பொறுத்துக்கொண்டு குறைந்த வாடகையை எடுக்கலாம். இரண்டு மூன்று தடவை என்றால் இடத்துக்குக் காசு கொடுங்கள். வயதானவர், குழந்தை, நோயாளி, கர்ப்பிணி யாராவது கூட வந்தால் கட்டாயம் இரண்டு மூன்று தடவை ஆகும். உங்கள் தம்பி மட்டும் ஒரு நேர்முகத் தேர்வுக்குத் தனியே போவதானால், வத்தளை அறையை எடு, விடிய எழும்பிப் பஸ்ஸைப் பிடி என்றுதான் அவருக்குச் சொல்லியிருப்பேன்.

தூரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. வரைபடத்தில் விரலால் அளந்து ஏமாறாதீர்கள். இது நம்முடைய ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளியந்தீவில் வாவிக்கரையில் நின்றால் அக்கரையில் கல்லடி தெரியும், கூப்பிட்டால் கேட்கும் போல இருக்கும். போவதானால் கோட்டைமுனைக்கு வந்து, சுற்றி, கல்லடிப் பாலம் ஏறித்தான் போக வேண்டும். கொழும்பிலும் அப்படித்தான், அங்கே வாவியின் இடத்தில் களனி ஆறும் வாகன நெரிசலும் இருக்கின்றன. வத்தளை ஆற்றுக்கு வடக்கே, நீர்கொழும்பு வீதியில் இருக்கிறது. காலையில் அந்தப் பக்கத்துச் சனம் முழுதும் வேலைக்கு நகரத்துக்குள் போகிறது. நீங்களும் அதே கூட்டத்தோடு ஆற்றைக் கடந்து, நகரத்தை வடக்கிலிருந்து தெற்குக்குக் குறுக்கறுத்துப் போக வேண்டும். பஸ்ஸில் என்றால் புறக்கோட்டைக்கு வந்து, அங்கே 138 எடுக்க வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து போனால் நிலைமை வேறு. நீங்கள் கிருலப்பனைப் பக்கமாக ஹைலெவல் வீதிக்கு ஏறி நகரத்துக்கு வெளியே போகிறீர்கள். காலையில் கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் வெளியே போவீர்கள், பின்னேரம் கூட்டம் வெளியே போகும்போது நீங்கள் உள்ளே வருவீர்கள். அதே 10 கிலோமீற்றரை எதிர்த்திசையில் போகிறவர் எடுக்கும் நேரம் உங்களுக்கு ஆகாது. ஒரு விடுதி எவ்வளவு தூரம் என்பதோடு, நாம் போகும் நேரத்தில் சனம் எந்தத் திசையில் போகிறது என்றும் பார்க்க வேண்டும். இதை அறை தேடுகிற யாரும் யோசிப்பதாக நான் காணவில்லை. ஆனால் மேசையில் இருந்த எனக்கு, காலையில் போனவர்கள் எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறார்கள் என்று தினமும் தெரிந்தது.

வத்தளையைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் சொந்த வான் இருந்தால், அல்லது சொந்தக்காரர் யாராவது காரோடு வருவதானால், கெரவலப்பிட்டியில் வெளிச்சுற்று அதிவேகப் பாதையில் ஏறிக் கொட்டாவையில் இறங்கலாம். கிலோமீற்றர் கூடும், ஆனால் நகர நெரிசல் இல்லை. கொட்டாவையிலிருந்து மகரகம கிட்ட. அப்படியானால் வத்தளை அறை மோசமில்லை. ஆட்டோவை அதிவேகப் பாதையில் விடமாட்டார்கள். ஆட்டோவை நம்பிப் போகிறவர்களுக்கு இந்த வழி இல்லை.

சரி, மகரகம இவ்வளவு வசதி என்றால் நம்முடைய ஆட்கள் ஏன் எல்லாரும் வெள்ளவத்தைக்கே வருகிறார்கள்? காரணம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலி வீதியில் இறங்கினால் தமிழ் கேட்கும். காலையில் இட்டலி, தோசை கிடைக்கும், இரவில் புட்டும் இடியப்பமும் கிடைக்கும். மருந்துக் கடையில் தமிழில் கேட்டு வாங்கலாம். கோயில் இருக்கிறது, ஊர்ச்சனம் இருக்கிறது. வருத்தக்காரரை வைத்துக்கொண்டு அந்நியமான ஊரில் நிற்கிறவருக்கு இதெல்லாம் பெரிய தைரியம். ராத்திரி 11 மணிக்கு அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் பக்கத்து அறைக் கதவைத் தட்டித் தமிழில் சொல்ல முடிகிறது என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. இடம் என்று நான் சொல்வதில் இதுவும் சேரும். கிலோமீற்றர் அதில் ஒரு பங்குதான்.

மகரகம பெரும்பாலும் சிங்களம் பேசுகிற இடம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள், அதனால் சுற்றிவரத் தங்குமிடம் நடத்துகிறவர்களுக்குத் தமிழ்க் குடும்பங்கள் புதிதல்ல. தம்பிக்குச் சிங்களம் வரும் என்கிறீர்கள், அது போதும். தம்பி வராத நேரத்துக்கு, விடுதியின் பெயர், ஒழுங்கையின் பெயர், விடுதிக்காரரின் தொலைபேசி இலக்கம் மூன்றையும் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதுவித்து அம்மாவின் கைப்பையில் ஒன்றும் உங்கள் பையில் ஒன்றும் வையுங்கள். ஆட்டோக்காரரிடம் அந்தத் தாளைக் காட்டினால் சரி.

சாப்பாடுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மகரகமவில் கடைச்சோறு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அந்த உறைப்பு வருத்தக்காரருக்கு ஒத்துவராது. ஆகவே அங்கே அறை பார்க்கும்போது சமையலறையைப் பாவிக்க விடுவார்களா, அல்லது அறைக்குள் ஒரு ரைஸ் குக்கர் வைக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிகளுக்கு அறை கொடுக்கிற வீடுகளில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நல்ல விடுதிகளில்தான் கூடாது என்பார்கள். சம்மதித்தால் குத்தரிசியும் பயறும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள். ஒரு கஞ்சி வைக்க முடிந்தால் அம்மாவின் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, மூன்று பேரின் கடைச் செலவும் குறையும்.

இரண்டுக்கும் நடுவில் நுகேகொடை இருக்கிறது. அதே ஹைலெவல் வீதி, அதே 138 பஸ், மகரகமவுக்குச் சுமார் 5 கிலோமீற்றர். பெரிய கடைத்தெரு, மருந்துக் கடைகள், வங்கிகள் எல்லாம் உண்டு. மகரகமவில் அறை அமையாவிட்டால் இங்கே பாருங்கள். ஆனால் நுகேகொடைச் சந்தியில் பின்னேரம் நெரிசல் கடுமை. ஹைலெவல் வீதியை ஒட்டிய ஒழுங்கையில் எடுத்தால் நல்லது, சந்திக்கு மேற்கே உள்ளுக்குப் போகப் போகச் சிரமம் கூடும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வெள்ளவத்தையில் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், அப்பாவைக் கொழும்பில் ஒரு சிறு சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போனோம். ரயிலில் இறங்கி நடக்கிற தூரம், வாடகையும் குறைவு என்று புறக்கோட்டைப் பக்கம் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். அறை மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. அப்பா ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். இரவு முழுக்க லொறிகளில் சாமான் ஏற்றினார்கள், இறக்கினார்கள். கக்கூசு நடைபாதையின் கோடியில், நாலைந்து அறைக்கு ஒன்று. அப்பா அன்றிரவு கண் மூடவில்லை. அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், ஏறிப்போய் இருந்தது. இன்றைக்குச் செய்ய முடியாது, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கூடுதல் வாடகை, சாப்பாடு, என் சம்பளத்தில் இரண்டு நாள் வெட்டு. அதைவிட, எங்களுக்குச் செலவு வைத்துவிட்டேனே என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் என்ன பிழை செய்தார்? அறையைத் தெரிந்தெடுத்தது நான்.

அதனால் மாடிப்படியையும் தூரக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன். முழங்கால் வலிக்காரருக்கு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்பது வெளியே இன்னும் ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்குச் சமம். தொலைபேசியில் கேட்கும்போது "கீழ்மாடியில் அறை இருக்கிறதா, குளியலறை அறைக்குள்ளேயா, கொமோட்டா குந்துகிறதா" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முழங்கால் மடிக்க முடியாதவருக்குக் குந்துகிற கக்கூசு பெரிய தண்டனை. இதைக் கேட்காமல் வந்து, முதல் நாளே அறை மாறின குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தையை எடுக்க நேர்ந்தால் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். கடல் பக்க அறை என்று ஆயிரம் இரண்டாயிரம் கூட்டிக் கேட்பார்கள். காற்று நல்லதுதான், ஆனால் கரையோர ரயில் பாதை கடலை ஒட்டியே போகிறது. விடிய முதல் இரவு வரை ரயில் ஓடும், கட்டிலும் சேர்ந்து அதிரும். வருத்தக்காரருக்கு அந்த அறை வேண்டாம். காலி வீதிக்கு முகம் கொடுத்த அறையில் பஸ் இரைச்சல். இரண்டுக்கும் நடுவே ஒழுங்கையின் உள்பக்க அறைதான் தூங்க உகந்தது, பெரும்பாலும் வாடகையும் அதற்குத்தான் குறைவு. அப்புறம், வெள்ளவத்தை என்று போட்டிருக்கிற எல்லாம் வெள்ளவத்தை இல்லை. தெஹிவளையும் பாமன்கடையும் விளம்பரத்தில் வெள்ளவத்தை ஆகிவிடும். எந்த ஒழுங்கை, காலி வீதியிலிருந்து எத்தனை நிமிட நடை, பக்கத்தில் என்ன கடை என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஆடிவேல் திருவிழாக் காலத்தில் அந்தப் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கூட. உங்கள் திகதி ஆடியில் விழுந்தால் முன்னதாகவே பேசி வையுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எதில் வருகிறீர்கள்? இரவு பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ வந்தால் விடிவதற்கு முன்னால் கொழும்பில் நிற்பீர்கள். விடுதிகளில் அறை கொடுக்கிற நேரம் பெரும்பாலும் பிற்பகல் 2 மணி. அந்த ஒன்பது பத்து மணித்தியாலம் அம்மாவை எங்கே வைப்பீர்கள்? இதுதான் கிழக்கிலிருந்து வருகிற எல்லாருக்கும் நடக்கிற இடைஞ்சல். பலர் வேறு வழியில்லாமல் முந்தின இரவுக்கும் சேர்த்துக் காசு கட்டுவார்கள். நான்கு இரவு ஐந்தாகிவிடும், நாம் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும்.

மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சின்ன விடுதிகளில் இதற்கு வழி உண்டு. முந்தின இரவு அறை காலியாக இருந்தால் விடிய 5 மணிக்கே திறந்து விடுவதில் அவர்களுக்கு நட்டம் இல்லை. ஆனால் விடிய வந்து கதவைத் தட்டிக் கேட்டால் தூக்கக் கலக்கத்தில் முடியாது என்றுதான் சொல்லுவார்கள். பஸ் ஏறுகிற அன்று பின்னேரமே எடுத்து, "அம்மா வருத்தக்காரர், விடிய வருவோம், அறை திறந்து தருவீர்களா, கூடுதலாக எவ்வளவு" என்று பேசி வையுங்கள். பாதி வாடகைக்கு, சில வேளை இலவசமாகவே, சம்மதிப்பார்கள். ஒரே விலையில் இரண்டு விடுதி இருந்தால் விடிய அறை திறக்கிற விடுதியையே எடுங்கள். இன்னொரு வழி, காலையில் மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் ஏறுவது. பகல் முழுக்கப் பயணம், பிற்பகலில் கொழும்பு கோட்டை ஸ்டேஷன். அம்மா இரவில் தன்னுடைய வீட்டில் தூங்கி எழும்பி வருவார், நீங்கள் போய்ச் சேரும்போது அறையும் தயாராக இருக்கும். உங்கள் அம்மாவின் நிலைமைக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ரயில் நேரத்தை மட்டும் முதல் நாள் ஸ்டேஷனில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இரவு பஸ் என்று முடிவெடுத்தால், கடைசியாக எங்கே இறக்கிவிடுவார்கள் என்று ஏறும் முன் கேளுங்கள். சில புறக்கோட்டையோடு நிற்கும், சில வெள்ளவத்தை வரை போகும்.

விலை பேசுவதைப் பற்றி. இணையத்தில் பார்த்த விலையோடு நிற்காதீர்கள். பதிவுத் தளங்கள் விடுதிக்காரரிடம் 15 வீதம் அளவில் தரகு எடுக்கின்றன, அதனால் நேரே எடுத்துப் பேசினால் குறைக்க அவருக்கு இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி விஷயமாக வருகிறோம், நான்கு இரவு நிற்போம் என்று உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் விடுதியில் அப்படிச் சொன்னவர்களுக்கு முதலாளி கேட்காமலே குறைப்பார். பெரிய விடுதிகளில் வேறு ஒரு பிரச்சினை: காட்டுகிற விலைக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள வற் வரியும் சேரலாம். "எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு" என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்குங்கள். மூன்றாம் ஆளுக்குக் கூடுதல் மெத்தைக் காசு, ஏ.சி. போட்டால் ஒரு விலை போடாவிட்டால் ஒரு விலை என்பதும் அந்தக் கேள்வியில் வெளியே வந்துவிடும்.

காசு திருப்பித் தரமாட்டோம் என்கிற மலிவு விலையைத் தொடவே வேண்டாம். ஆஸ்பத்திரித் திகதி நம்முடைய கையில் இல்லை. மெஷின் பழுது, டொக்டர் லீவு, ரிப்போர்ட் வரவில்லை, இன்னும் ஒரு நாள் நில்லுங்கள் என்பார்கள். சில வேளை இரண்டாம் நாளே வார்டில் அனுமதித்துவிடுவார்கள். அப்போது உங்களுக்கும் தம்பிக்கும் மட்டும் அறை போதும். நான்கு இரவுக்கு விலை பேசினாலும், முதலில் இரண்டு இரவை மட்டும் உறுதி செய்து, தேவையானால் நீடிக்கிற ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குள்ளும், வெளிமாவட்ட நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்க ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். அடுத்த தடவைக்கு உதவும். இந்த வருத்தத்துக்கு ஒரு தடவையோடு பயணம் முடியாமலும் போகலாம், அதற்கும் காசு மிச்சம் பிடிக்க வேண்டும்.

பத்தரமுல்லையில் பாஸ்போட் வேலைக்குப் போகிறவர்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சின்னது: ஓர் இரவு வேலை என்றால் வெள்ளவத்தையில் படுத்துவிட்டு, விடியக் கொள்ளுப்பிட்டிக்குப் போய் 177 பஸ் எடுக்கலாம். கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் பை நிறைந்ததும் அறைக்கு வந்து வந்து போவார்கள், அவர்கள் வெள்ளவத்தையை விட்டு விலக வேண்டியதே இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இன்றைக்கே மகரகமவில் இரண்டு மூன்று இடத்துக்குத் தம்பியை எடுத்துப் பேசச் சொல்லுங்கள். கீழ்மாடி, அறைக்குள் கொமோட், கஞ்சி வைக்க வசதி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எவ்வளவு, இந்த நான்குக்கும் சரியான பதில் வந்தால் 7,000 கேட்டாலும் எடுங்கள், அப்போதும் வத்தளையை விடச் செலவு குறைவு. மூன்று இடத்திலும் பதில் திருப்தியில்லை என்றால் வெள்ளவத்தைக்காரரிடம் 8,000 ஐ 7,000 ஆக்கச் சொல்லிக் கேளுங்கள், நான்கு இரவு என்றால் இறங்குவார். வத்தளைக்கு அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். கட்டியிருந்தால் அதைத் திருப்பி வாங்க என்ன சொல்லலாம் என்று பார்ப்போம், அறிவியுங்கள்.